நிலவுக்காக நீங்கள் கேட்ட மன்னிப்பு

அன்பும் மரியாதையும் குறையாத அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை போனது. முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு, எனக்கு வயிற்றெரிச்சல். அக்காவுடையதற்கு மாத்திரை இருக்கிறது. என்னுடையதற்குக் காரணம் நீங்கள்.

போன் இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே அக்கா பிடுங்கிக்கொள்வாள். இல்லாவிட்டால் எனக்குக் கோபம் ஏறுகிற நேரம் பார்த்து, "இங்க சிக்னல் சரியில்ல மச்சான்" என்று நீங்கள் நழுவிவிடுவீர்கள். அதனால் கடையிலேயே உட்கார்ந்து எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். படிக்காமல் கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பினால் நான் மனிதனாக இருக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

எனக்குப் பின்னால் வாடகைக்கு விடும் பிளாஸ்டிக் நாற்காலிகள் கழுவி அடுக்கிக் காய்கின்றன. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உப்பு போக மாட்டேன் என்கிறது. நேற்று ஒருவர் வீட்டு விழாவுக்கு வாடகைக்குக் கேட்டு வந்தார். மாதிரிக்கு ஒன்றில் உட்கார்ந்தார். எழுந்தபோது அவர் கால்சட்டையின் பின்புறம் வெள்ளை வெளேரென்று கோலம் விழுந்திருந்தது. போனவர் போனவர்தான்.

நடந்ததை அக்கா உங்களுக்கு அவள் பாணியில் சொல்லியிருப்பாள், அதாவது அழுகைக்கு நடுவில் அங்கங்கே நாலு வார்த்தை. அதைக் கேட்டுத்தான் நீங்கள் அந்த வேலை செய்தீர்கள். ஆகவே நான் முறையாகச் சொல்கிறேன்.

நம் பெண்ணின் மோதிரம் மாற்றும் விருந்தைக் கடற்கரையில் வைக்க வேண்டும், அதுவும் பௌர்ணமி அன்றுதான் வைக்க வேண்டும் என்று கேட்டது மாப்பிள்ளைப் பையனின் அம்மா. தையல் பள்ளி நடத்துகிறவர் அல்லவா, கழுத்தில் அளவு நாடா தொங்காத நேரத்திலும் எதிரே இருப்பவரை அளந்துகொண்டுதான் பேசுவார். "நிலா மேல வர்ற நேரத்துல, பின்னால கடல் மினுங்க, ரெண்டு பேரும் மோதிரம் போட்டா போட்டோ எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க தம்பி" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். படத்தில் என் கடை நாற்காலிகள் வரிசையாகத் தெரிந்தன. உடனே தலையாட்டிவிட்டேன். உங்கள் மகள் பொடிசு மட்டும், "மண்டபத்துல வெச்சா மணல் இல்லாம சாப்பிடலாமே" என்றாள். பெண் பேசினால் யார் காதில் வாங்குகிறோம்?

விருந்துக்கு ஒரு வாரம் முன்னால், அதே சாயங்கால நேரத்தில், அந்த அம்மாளும் நானும் இடம் பார்க்கப் போனோம். வானத்தில் பாதி நிலா. கடல் எங்கேயோ எட்டத்தில், யாரோ திட்டி அனுப்பியது மாதிரி ஒதுங்கிக் கிடந்தது. அவர் செருப்புக் குதிகாலால் மணலில் ஒரு கோடு கிழித்து, "இதுக்கு மேல தண்ணி வராது" என்று தீர்ப்புச் சொன்னார். நான் தொழில் தெரிந்தவன் இல்லையா, பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, "இங்கே முதல் வரிசை" என்றேன். அதற்காக அந்த அம்மாள் என்னைக் கெட்டிக்காரன் என்று பாராட்டியதை வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன். இப்போது அவள் அதை எனக்கு நாள்தோறும் திருப்பிச் சொல்கிறாள்.

பௌர்ணமி வந்தது. நிலா எழுந்து வந்த அழகை நான் குறை சொல்ல மாட்டேன். படம் எடுப்பவர் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார். பையனின் சித்தப்பா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு குடும்பமும் கடலும் கரையும் போல என்று பேசிக்கொண்டிருந்தார். கடல் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அலையாக அடித்துக்கொண்டு வரவில்லை அத்தான். அழைக்காத விருந்தாளி மாதிரி சத்தம் போடாமல் வந்து முதல் வரிசையின் காலடியில் உட்கார்ந்தது. அப்புறம் இரண்டாம் வரிசை. கேக் வைத்த மேசையின் கால்கள் மணலில் இறங்க, கேக் ஒரு பக்கமாகச் சாய்ந்து மரியாதையாக வணக்கம் சொன்னது.

பையனின் அம்மா மேடையில் நின்றுகொண்டு, "யாரும் எந்திரிக்காதீங்க, வரிசை கலைஞ்சா போட்டோ கெட்டுடும்" என்று அதட்டினார். ஆட்கள் எழுந்திருக்கவில்லை, நாற்காலிகள் எழுந்துவிட்டன. காலியாக இருந்தவை மெதுவாக மிதந்து மேடைக்கு வந்தன. அந்த அம்மாள் பதற்றத்தில் இறங்கி, வழுக்கி, நல்லவேளையாக ஒரு நாற்காலியில் விழுந்தார். அந்த நாற்காலி அவரையும் ஏற்றிக்கொண்டு படம் எடுப்பவர் பக்கமாகச் சிறிது தூரம் போனது. படம் நன்றாக வந்திருக்கிறது. கேட்டால் அனுப்புகிறேன், ஆனால் அக்காவுக்குத் தெரியக்கூடாது.

அப்போதுதான் பொடிசு சிரித்தாள்.

அவள் சிரிப்பு உங்களுக்குத் தெரியும். முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும், அப்புறம் மடை திறந்த மாதிரி வரும். பட்டுப்புடவை முழங்கால் வரைக்கும் நனைந்து, தலையில் வைத்த பூ தோளில் தொங்க, அவள் அப்படிச் சிரித்தாள். பையனும் சிரித்தான். இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். குழாயை மூடின மாதிரி நின்றுவிட்டது. பொடிசு மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மோதிரம் மாற்றவில்லை. மறுநாள் அந்த வீட்டிலிருந்து செய்தி வந்தது: "கடலே வேண்டாம்னு சொல்லிடுச்சு. அபசகுனம். பொண்ணு அதைப் பாத்துச் சிரிக்கிறா, எப்பேர்ப்பட்ட கால் பாத்தீங்களா." அக்கா உங்களைக் கூப்பிட்டு அழுதாள். நீங்கள் உடனே அந்த அம்மாளைக் கூப்பிட்டு, "எங்க பொண்ணு பண்ணுனது தப்புதாங்க, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

எதற்கு மன்னிப்பு? நிலவுக்கா?

வேறு எவனாவது கேட்டிருந்தால் தெரியாமல் கேட்டான் என்று விட்டிருப்பேன். நீங்கள் கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கப்பல்கள் வாசலில் நின்று, தண்ணீர் ஏறட்டும் என்று காத்துக்கிடக்கிற துறைமுகத்தில் சம்பளம் வாங்குகிறவர் நீங்கள். போன வருடம் நீங்கள்தானே எழுதினீர்கள்? பெரிய சரக்குக் கப்பல் ஒன்று மணல் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது, இழுவைப் படகுகள் மூச்சுத்திணறியும் அசையவில்லை, கடைசியில் பௌர்ணமித் தண்ணீர் வந்து ஒரு குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிவிட்டது என்று. அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். கப்பலைத் தூக்குகிற தண்ணீர் என் நாற்காலியைத் தூக்காதா என்று எனக்குத் தோன்றவில்லை. என் மண்டை அப்படி. ஆனால் உங்களுக்குத் தெரியுமே.

நீங்கள் எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தேன். பாதி நிலா நாளில் சூரியன் ஒரு பக்கம் இழுக்கிறது, நிலா குறுக்கே இன்னொரு பக்கம் இழுக்கிறது. நடுவில் கடல், அக்காவுக்கும் என் மனைவிக்கும் நடுவில் நான் நிற்பதுபோல், எந்தப் பக்கமும் முழுசாகப் போக முடியாமல் அரைகுறையாகக் கிடக்கிறது. பௌர்ணமி அன்று சூரியன் அந்தக் கோடியில், நிலா இந்தக் கோடியில், பூமி நடுவில், மூன்றும் ஒரே நேர்கோட்டில். இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்ள, கடல் இரண்டு பக்கமும் உப்புகிறது. அது போதாதென்று நிலா நாளுக்கு நாள் தாமதமாக வருகிறது, அதன் பின்னாலேயே தண்ணீர் ஏறுகிற நேரமும் தள்ளித் தள்ளிப் போகிறது. நாங்கள் இடம் பார்க்கப் போன சாயங்காலம் கடல் இறங்கும் நேரம். ஒரு வாரம் கழித்து அதே சாயங்காலம் கடல் ஏறும் நேரம், அதுவும் மாதத்திலேயே பெரிய ஏற்றங்களில் ஒன்று. கடலுக்குக் கோடு கிழித்த அம்மாள் அதன் நேரத்தையும் தன் பள்ளிக்கூட மணியாக நினைத்துவிட்டார், நானும் பின்னாலேயே தலையாட்டிவிட்டேன்.

பூமி சுற்றுகிறது, நிலா சுற்றுகிறது, சூரியன் இழுக்கிறது. இதில் பொடிசு எங்கே வருகிறாள்? அவள் கால் வைத்தா கடல் ஏறியது? அவள் பிறப்பதற்கு முன்னால் எத்தனை கோடி பௌர்ணமிக்கு ஏறியிருக்கும், அப்போதெல்லாம் எந்தப் பெண்ணின் கால்? நாளைக்கு அவர்கள் வீட்டுத் துணி காய்வதற்குள் சூரியன் மறைந்துவிட்டால் அதற்கும் ஒரு போன் போடுவீர்களா அத்தான்?

இந்த ஊரில் ஒரு மன்னிப்பு தனியாக வராது. நீங்கள் ஒன்று கொடுத்தீர்கள், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று கேட்கிறார்கள். "அப்பாவே தப்புன்னு ஒத்துக்கிட்டார், அப்புறம் என்ன" என்று சொல்லி, வருகிற ஞாயிற்றுக்கிழமை பொடிசு அவர்கள் வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும், சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்டால் மோதிரம், கேட்காவிட்டால் இல்லை. அக்கா அதற்காகப் புடவையைக்கூடத் தேய்த்து வைத்துவிட்டாள். நான் சண்டைக்குப் போனேன். "மன்னிப்புதானே, வாய்ல இருந்து வர்றது, பெட்டியில இருந்தா எடுத்துக் குடுக்கறோம்" என்றாள். பெட்டியிலிருந்து கொடுத்தால்கூட ஒருநாள் தீர்ந்துவிடும். இது தீருமா? நாளைக்குப் பால் பொங்கி வழிந்தால் மன்னிப்பு, மின்சாரம் போனால் மன்னிப்பு என்று அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும்.

பையன் மோசமானவன் என்று நான் சொல்லவில்லை. அநியாயமாக எழுதக்கூடாது. நேற்று முன்தினம் கடைக்கு வந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையிலிருந்து நேராக, கையில் மசகெண்ணெயோடு, கடலோரத்தில் ஒதுங்கிக் கிடந்த என் நாற்காலிகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நானும்தான் சிரிச்சேன் மாமா" என்றான். "அதை வீட்டுல சொல்லுப்பா" என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அது இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி அப்படியே நின்றுவிட்டது. "அம்மாவுக்காக ஒரே ஒரு தடவ அவ வந்துட்டா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல பையன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பொடிசைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். கண் மருத்துவமனை வேலைக்கு வழக்கம்போல் போகிறாள். ஒவ்வொருவர் கண்ணிலும் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வருகிறாள். வீட்டில் அவளை அப்படி யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்ட செய்தியை அக்கா சொன்னபோது மட்டும், "அப்பாவா? அப்பாவே சொன்னாரா?" என்று இரண்டு முறை கேட்டாள். அதற்குப் பிறகு பேச்சு சாப்பாடு, தண்ணீர், சாவி என்ற அளவோடு சரி.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. மகளின் விசேஷத்துக்கு லீவு கிடைக்கவில்லை. கூட நிற்க முடியாதவர், தூரத்திலிருந்து ஏதாவது செய்தாக வேண்டும் என்று கைக்கு அகப்பட்டதைச் செய்திருக்கிறீர்கள். கைக்கு அகப்பட்டது அவளுடைய மானம்.

ஒன்றை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது பொடிசின் பக்கத்தில் நான்தான் நின்றேன். எல்லாரும் செருப்பைத் தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிப்பில் நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இதை அப்பாகிட்ட நான்தான் சொல்வேன். யாரும் முந்திக்கக் கூடாது. அப்பா விழுந்து விழுந்து சிரிப்பாரு" என்றாள். அந்தக் கூட்டத்தில், அந்தக் களேபரத்தில், அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். நாம் முந்திக்கொண்டோம். அக்கா அழுகையோடு முந்தினாள், நீங்கள் எல்லாரையும் முந்திப் போய் மன்னிப்புக் கேட்டீர்கள். சொல்ல வேண்டியவள் இன்னும் சொல்லவில்லை.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், அவள் வேலைக்குக் கிளம்பும் முன், அவளுடைய போனுக்கே கூப்பிடுங்கள். கடல் ஏற்றம், நிலா என்றெல்லாம் விளக்க வேண்டாம். கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்றும் கேட்க வேண்டாம். அதை அவள் பார்த்துக்கொள்வாள், உங்கள் மகள்தானே. "அன்னிக்கு என்னம்மா ஆச்சு, முதல்லேர்ந்து சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். உடனே பேச மாட்டாள். காத்திருங்கள்.

அவள் அந்த நாற்காலி மிதந்த இடத்துக்கு வரும்போது சிரித்துவிடுங்கள் அத்தான். அவள் நிறுத்தும்வரை நீங்களும் நிறுத்தாதீர்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கடுமையாக எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் உங்கள் மேல் உள்ள பிரியம் பழையபடியே இருக்கிறது.

உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும் வீட்டிலிருந்து,
உங்கள் மைத்துனன்