மின்மலை மன்னன் இறந்த சேதி

ஓமலூர்,
6-9-1943

அன்பு நண்பன் காளியண்ணனுக்கு,

மின்மலை நாட்டின் தலைமை எழுத்தன் சின்னராஜ் எழுதுவது. நீ துணை எழுத்தன்தான், சண்டைக்கு வராதே.

நம் கதைக்கு நீ அனுப்பிய அத்தியாயம் வந்தது. கடையில் எண்ணெய் அளந்துகொண்டே படித்ததில், நல்லெண்ணெய் கேட்ட அம்மாளுக்கு விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டு முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மலைமேல் ஏறி ஓடும் ஆற்றை மந்திரத்தால் நிறுத்தி வைத்தாயே, அடேயப்பா! ஆனால் இக்கரையில் நம் மன்னன் வேங்கைமாறன், அக்கரையில் நிழல்திருடனின் மாயச் சேனை என்று நிறுத்திவிட்டு, நீ பாட்டுக்குக் கையைக் கழுவிக்கொண்டால் எப்படி? மாற்றி மாற்றி எழுதலாம் என்று ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. சிக்கலான இடமெல்லாம் என் தலையில்தான் விடிகிறது.

யுத்தத்தில் காகிதம் குதிரைக்கொம்பாகிவிட்டது. அதனால் இந்த முறை ஒரு புதுமை செய்யப்போகிறேன். என்னவென்று இப்போது சொல்லமாட்டேன். உன் மனைவி கந்தம்மாள் எனக்கும் தங்கச்சிதான், உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்
சின்னராஜ்

புதுச்சத்திரம்,
14-9-1943

அன்புள்ள சின்னராஜுக்கு,

தலைமை எழுத்தனாம்! நாமக்கல் பள்ளிக்கூடத்தில் என் கட்டுரையைப் பார்த்து எழுதினவன்தானே நீ?

இங்கே மழை இல்லை. கடலைச் செடி வாடுகிறது. கந்தம்மாளுக்கு ஏழாம் மாதம். இத்தனை வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிக் கிடைத்தது, அதனால் அம்மா அவளைக் குனிய விடுவதில்லை.

அவளுக்கு ஒரே கவலை, அவள் அண்ணன் பெரியசாமிதான். தாய் தகப்பன் இல்லாமல் அவளை வளர்த்தவன். பட்டாளத்தில் சேர்ந்து அசாம் பக்கம் எங்கேயோ இருக்கிறான். ஆடியிலிருந்து அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வேலியோரம் போய் நின்றுவிடுகிறாள். நம் கதையை நான் வாசித்தால் மட்டும் கொஞ்சம் முகம் தெளிகிறது. "ஏனுங்க, அந்த ராசா பேசறது எங்கண்ணனாட்டவே இருக்குதுங்க. அவரை ஒண்ணும் பண்ணிப்போட வேண்டாம்னு சின்னராஜ் அண்ணனுக்கு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

மாடு வாங்க மைசூர் எல்லைப் பக்கம் போகிறேன். திரும்பச் சில நாள் ஆகும். உன் அத்தியாயத்தை அனுப்பி வை. வந்து படிக்கிறேன்.

காளியண்ணன்

25-9-1943

மகாராணி சித்திரமதியார் சமூகத்துக்கு,

மின்மலை மன்னர் வேங்கைமாறர் ஆற்றங்கரைப் போரில் பொழுது சாயும் வேளையில் வீரசொர்க்கம் அடைந்தார். அவர் நிழலைப் பகைவன் கொண்டுபோய்விட்டான். உடல் மட்டும் எங்களிடம் உள்ளது. வரவேண்டியவர்கள் தாமதியாமல் வந்து சேரவும்.

இப்படிக்கு,
படைத்தலைவன்

ஓமலூர்,
12-10-1943

அன்பு நண்பா,

என்னப்பா, கார்டைப் பார்த்து வாயடைத்துப் போய்விட்டாயா? ஒரு அத்தியாயத்தை ஒரே கார்டில் எழுதினவன் உலகத்தில் உண்டா, சொல்! நிஜச் சாவுச் சேதி மாதிரியே நாலு மூலையிலும் கருப்பு மை தடவியிருந்தேனே, பார்த்தாயா? என் முதலாளியே எட்டிப் பார்த்துவிட்டு, "யாருப்பா போயிட்டாங்க?" என்று தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

தங்கச்சியிடம் சொல், பயப்பட வேண்டாம். அவள் சொல்லை நான் தட்டுவேனா? ராஜா சாகவில்லை. நிழல்திருடனை ஏமாற்றுவதற்காக அவரே அனுப்பச் சொன்ன பொய்ச் சேதி அது. அடுத்த அத்தியாயம் உன் முறை. அவரை உயிரோடு கொண்டுவந்து நிறுத்து, பார்க்கலாம்.

மாடு நல்லதாக அமைந்ததா? உடனே பதில் போடு. சோம்பேறிப் பயலே!

சின்னராஜ்

புதுச்சத்திரம்,
20-10-1943

சின்னராஜ்,

அந்தக் கார்டை நான் பார்க்கவில்லை. நான் ஊரில் இல்லாதபோது வந்திருக்கிறது.

கருப்பு தடவின கார்டை இந்தப் பக்கம் யாரும் கையில் கொடுப்பதில்லை என்பது உனக்கும் தெரியும். தபால்காரர் வேலியில் சொருகிவிட்டுப் போய்விட்டார். அது வாசலைத் தாண்டக் கூடாது, வெளியிலேயே படித்துக் கிழித்துவிட வேண்டும். படிக்கத்தான் வீட்டில் ஆள் இல்லையே. "மூலையில கருப்பப் பார்த்தாச்சு, இனிப் படிக்கறதுக்கு என்ன இருக்குது" என்று அம்மா கிழித்து வாய்க்காலில் விட்டுவிட்டாள். கந்தம்மாள் "அண்ணா" என்று உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே வலி கண்டுவிட்டது. ஆண் குழந்தை. அழவே இல்லையாம்.

நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரும்போது வீட்டில் ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது, பெரியசாமிக்கும் சேர்த்து. அவனுக்கு வேறு யாரும் இல்லை என்று நானே மொட்டை போட்டுக் காரியமும் செய்து முடித்தேன். நேற்று உன் கடிதம் வந்தபிறகுதான் அது யார் போட்ட கார்டு என்று தெரிந்தது. உனக்குச் சிரிப்பு வந்ததாக எழுதியிருந்தாய்.

கந்தம்மாளிடம் உட்கார்ந்து பக்குவமாகச் சொன்னேன். "உங்கண்ணனுக்கு ஒண்ணும் ஆகலை, சாமி. அது கதைக்காக எழுதுன கார்டு." அவள் என் முகத்தையே பார்த்தாள். "என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க. இருக்கட்டுங்க" என்றாள். இதற்கு மேல் அவளுக்கு எதைக் காட்டி நிரூபிப்பேன்? கார்டும் போய்விட்டது.

காளியண்ணன்

ஓமலூர்,
28-10-1943

காளியண்ணா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பாவி நான். ஒரு உயிரைக் கொன்றுவிட்டேன். கந்தம்மாளை ஒருநாள் நேரில் பார்த்துத் 'தங்கச்சி' என்று கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேனே, இனி எந்த முகத்தோடு பார்ப்பேன்? முந்தாநாள் பஸ் ஏறி ராசிபுரம் வரை வந்தேன். அதற்குமேல் கால் வரவில்லை. அப்படியே திரும்பிவிட்டேன்.

திட்டி எழுது. அடிக்கக் கூப்பிட்டாலும் வருகிறேன். சும்மா மட்டும் இருந்துவிடாதே.

ஒரு யோசனை தோன்றியது. பெரியசாமி எழுதுவதுபோல நான் ஒரு கடிதம் எழுதி அனுப்பட்டுமா? சுகமாக இருக்கிறேன் என்று நாலு வரி. அவள் நம்பி, ஒருவாய்ச் சோறு தின்னட்டும். நீ சரி என்று சொன்னால்தான் எழுதுவேன்.

சின்னராஜ்

புதுச்சத்திரம்,
2-12-1943

சின்னராஜுக்கு,

உன்மேல் ஆத்திரம் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் யாரிடம் சொல்லி அழலாம் என்று நினைத்தால் உன் முகம்தான் முன்னால் வருகிறது. என்ன செய்வது, எனக்கு வாய்த்த நண்பன் நீ ஒருவன்தான்.

பெரியசாமி பேரில் நீ எழுத வேண்டியதில்லை. அவனே எழுதிவிட்டான். பட்டாள முத்திரையோடு போன வாரம் வந்தது. காலில் சிரங்காம், சோறு வாயில் வைக்க முடியவில்லையாம், மற்றபடி சுகம். மருமகன் பிறந்தானா, மருமகள் பிறந்தாளா என்று கேட்டிருக்கிறான். சின்ன வயதில் கந்தம்மாளைத் துரத்திக் குளத்தில் தள்ளிய ஆட்டுக்கிடாயைப் பற்றி ஒரு பக்கம். அது வெளியாள் யாருக்கும் தெரியாத கதை. வாசிக்கும்போது என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அம்மாவும் அழுதாள்.

கந்தம்மாள் கடைசிவரை கேட்டாள். இன்னொருதரம் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"நல்லா எழுதியிருக்காருங்க, சின்னராஜ் அண்ணன்" என்றாள்.

கிடாயின் கதை சின்னராஜுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீங்க சொல்லிக் குடுத்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அவள் எப்போதோ என்னிடம் அதைச் சொல்லியிருந்ததும் உண்மைதான்.

நாம் எழுதிய அத்தியாயங்கள் அத்தனையையும் கட்டி, சேலம் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். என் முறையை நான் எழுதப்போவதில்லை.

இனி நீ இந்த வீட்டுக்குக் கடிதம் போடாதே. மன்னிப்புக் கேட்டும் வேண்டாம், நல்ல சேதியாக இருந்தாலும் வேண்டாம். உன் எழுத்து வருவது நின்றுபோனால், ஒருவேளை அவள் தன் அண்ணன் எழுத்தை நம்புவாளோ என்னவோ. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எழுதாதே.

காளியண்ணன்