புளி போட்டுத் தேய்த்த துவக்கு

இன்று காலை புளி ஊறப் போட்டேன். கறிக்கு இல்லை, குத்துவிளக்குக்கு. நாளை கார்த்திகை விளக்கீடு. அந்தப் புளித்த வாசம் இந்தச் சின்னக் குசினி முழுக்க ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தனியாக நின்று சிரிக்கிறவளைப் பார்த்து இவர், "என்னப்பா, விடியக் காலமையே?" என்று கேட்டார். "துவக்கு ஞாபகம் வந்தது" என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது.

நீ கண்ணை மூடி இரண்டு விளக்கீடு கழிந்துவிட்டது. கடிதம் எழுதுவதென்றால் உனக்கு ஆகவே ஆகாது. "வாய் இருக்கேக்க பேனை என்னத்துக்கடி?" என்பாய். இப்போது எனக்கு வேறு வழி இல்லை. போன சனிக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க ஏலாது.

ஃபிராவ் லோமன், அந்த வயதான அம்மாவின் வீட்டை மறந்திருக்க மாட்டாய். எசன் நகரத்துக்குத் தெற்கே, ஆற்றைப் பார்த்த மேட்டில் அந்தப் பழைய வீடு. ஒரு துப்புரவு நிறுவனம் எங்கள் இரண்டு பேரையும் செவ்வாயும் வெள்ளியும் அங்கே அனுப்பும். உனக்கு மேல்மாடி, எனக்குக் கீழ்த்தளம். நீ இந்த நாட்டுக்கு அகதியாக வந்து ஜெர்மன் பாஸ்போட்டும் எடுத்து முடித்தவள். நானோ கலியாணம் கட்டி வந்து இரண்டாவது வருடம். ஊரில் பள்ளிக்கூட வாங்கில் எனக்கு இடப்பக்கம் இருந்து, என் இடக்கை எழுத்தால் தினமும் முழங்கையில் இடி வாங்கியவள் நீ. இங்கே வந்த பிறகும் வாளியோடு ஒன்றாக நின்றோம். "இஞ்சயும் நீதானா எனக்கு?" என்று தலையில் அடித்துக்கொள்வாய்.

கீழ் அறைச் சுவரில் ஒரு பழங்காலத்து வேட்டைத் துவக்கு தொங்கியது. என் உயரத்துக்கு ஒரு சாண்தான் குறைவு. ஊரில் சண்டை நடக்க, துவக்குச் சத்தம் கேட்டு ஓடி வந்த உனக்குத் துவக்குத் துடைக்கிற வேலை! முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதுக்கும் சரிவராது, நீயே துடை" என்று மேலே ஓடிவிட்டாய். பிறகொரு நாள் ஃபிராவ் லோமன், இதற்கு ஒவ்வொரு வெடிக்கும் மருந்து கொட்டி, குண்டு வைத்து, கோல் விட்டு இடிக்க வேண்டும் என்று செய்து காட்டினார். நீ மணிக்கூட்டைப் பார்த்தாய். "எங்கட ஆக்களிட்ட இதுதான் இருந்திருக்க வேணும். ஒரு வெடி வைச்சு முடிய நாங்கள் அடுத்த ஊருக்குப் போயிருப்பம்" என்றாய். நான் ஜெர்மனில் சொல்லத் தெரியாமல் சிரித்தேன். அவர் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

அவருக்கு எண்பத்தைந்து வயது. முதியோர் இல்லத்துக்குப் போக நாள் குறித்தாயிற்று. போகுமுன் துவக்கைப் பேத்தி அன்னாவுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது உண்மையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு ஆசைதான் அவருக்கு. இறந்துபோன கணவர், அது தன் முப்பாட்டன் இங்கே ஜெர்மனியில் செய்த துவக்கு என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். விரலால் இழுக்கிற குதிரைக்குப் பக்கத்தில், கல் உரசித் தீப்பொறி விழும் இரும்புப் பூட்டில் லோமன் என்று பெயரும் வெட்டியிருந்தது. ஆனாலும் ஃபிராவ் லோமனுக்கு ஒரு சந்தேகம். பழைய துவக்குகளை ஆராய்கிற ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாக நேரம் குறித்து டெர்மீன் வைத்தார்கள்.

இங்கேதான் என் புத்தி போன போக்கைப் பார். பெரிய மனிதர் வருகிறார், துவக்கின் கட்டையில் பதித்த பித்தளை மூடி கரிச்சட்டி மாதிரிக் கறுத்துக் கிடக்கிறது. விருந்தாளி வருகிற வீட்டில் பித்தளையை இப்படி விடலாமா? உனக்கென்று வாங்கி வந்த புளி என் பையில் இருந்தது. கணப்படுப்பில் சாம்பல் இருந்தது. அரை மணி நேரம், உரஞ்சு உரஞ்சென்று உரஞ்சி, துடைத்து, நல்ல சுவாமி விளக்குப் போல ஆக்கிவிட்டு, ஃபிராவ் லோமன் மெச்சப் போகிறார் என்று நின்றேன்.

வந்தவர் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார், செத்த வீட்டுக்கு வந்தவர் போல. "ஐயோ கடவுளே, இதை யார் செய்தது?" இருநூறு வருடத்துக் கறுப்பு அது. அதைப் பார்த்துத்தான் வயதையும் ஊரையும் சொல்வார்களாம். நான் புளிக் கோப்பையோடு விறைத்துப்போய் நின்றேன். விசாவை நீட்டிக்க நான் கொடுத்த விண்ணப்பம், அந்த அன்ட்ராக், வேலைக் கடிதத்தோடு குடிவரவுக் கந்தோரில் கிடந்தது. ஒரு முறைப்பாடு போனால் வேலையும் போகும், கடிதமும் போகும். அதைவிட, அந்த மனுசியின் கடைசி ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டேனே.

சத்தம் கேட்டு நீ படியால் இறங்கி வந்தாய். என் முகத்தைப் பார்த்தாய், மூடியைப் பார்த்தாய், புளிக் கோப்பையைப் பார்த்தாய். பிறகு கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, "தஸ் வார் இஷ்" என்றாய். நான்தான் செய்தேன் என்று. நான் வாயைத் திறக்க, "பொத்தடி வாயை" என்று தமிழில் ஒரு அதட்டு. உனக்குப் பொய் சொல்லவே வராது. ஆனால் அன்றைக்கு முகத்தில் ஒரு மயிர்கூட அசையவில்லை.

அந்த மனிதர் பெருமூச்சு விட்டுக்கொண்டு மூடியைத் தொட்டார். அது திறந்துகொண்டது! ஆயுள் முழுக்க அது திறந்து நான் கண்டதில்லை என்றார் ஃபிராவ் லோமன். புளித்தண்ணீர் விளிம்பில் இறுகிக் கிடந்த அழுக்கையெல்லாம் கரைத்துவிட்டிருந்தது. உட்பக்கத்தில் ஆணியால் கீறின மாதிரி இரண்டு எழுத்தும் ஒரு ஊர்ப் பெயரும். அந்த மனிதருடைய கோபம் போன இடம் தெரியவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார்.

மூடியின் தலையில் இருக்கும் இதழ் விரித்த பூ, கட்டை வளைகிற வளைவு, உள்ளே இருந்த ஊர்ப் பெயர் எல்லாம் ஒரே இடத்தைச் சொல்லின: அமெரிக்காவில் பென்சில்வேனியா, லங்காஸ்டர் பக்கம். இங்கிருந்து கப்பலேறிப் போன ஜெர்மன்காரர் ஒருவர் அங்கே செய்த துவக்கு. அந்த இரண்டு எழுத்துக்குரிய ஆளின் பெயர் அவருடைய குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. அப்படியானால் லோமன்? பூட்டு மட்டும்தான் முப்பாட்டன் செய்தது. பூட்டுகளைப் பெட்டி பெட்டியாக இங்கிருந்து அனுப்புவார்களாம். "வெளியே தெரிகிற பெயரை நம்பக்கூடாது. கீறலைப் பாருங்கள், செதுக்கினவன் கை எந்தப் பக்கமாகப் போனது என்பதுகூடத் தெரியும்" என்று கண்ணாடியை ஃபிராவ் லோமனிடம் கொடுத்தார்.

அவர் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "என் கணவர் சொன்னதில் பாதி உண்மை. அவருக்கு அது அதிகம்" என்று சொல்லி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். முறைப்பாடு ஒன்றும் போகவில்லை. வேலையும் தப்பியது, என் விசாவும் வந்தது. பஸ் தரிப்பில் நான் அழுதேன். "என்ர பாஸ்போட்டை அவங்கள் பறிக்கேலாது, உன்ர விசாவை ஏலும். கணக்கு அவ்வளவுதான். மூக்கைத் துடை, பஸ் வருது" என்றாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னைப் பேச விட்டதே இல்லை.

ஃபிராவ் லோமன் போன வசந்தத்தில் காலமானார். துவக்கு இப்போது ஒரு அருங்காட்சியகத்தில், அன்னா இரவல் கொடுத்தது. போன சனிக்கிழமை கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டாள். துவக்கோடு இருக்கும் குறிப்பேட்டை எனக்குக் காட்டினாள். அதில், மூடியைத் தேய்த்தவர் என்று உன் பெயர். எனக்குப் பொறுக்கவில்லையடி. "அது நான். அவள் எனக்காகச் சொன்னது" என்று அங்கேயே நின்று சொல்லிவிட்டேன்.

அன்னா சிரித்தாள். "என் பாட்டி ஓமாவுக்கு அன்றைக்கே தெரியும். தேய்த்த சுழியெல்லாம் இடக்கைப் பக்கமாக ஓடுகிறதாம். கண்ணாடியில் பார்த்தாராம். அந்த வீட்டில் இடக்கைக்காரி நீங்கள் ஒருவர்தானே?" பிறகேன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். "அப்படி ஒரு சினேகிதி முன்னால் வந்து நிற்கும்போது, நான் போய் அதைக் கெடுப்பதா என்றார்."

எங்கள் பொய்யைப் பிடித்துவிட்டு, கடைசிவரை வாயே திறக்கவில்லையே அந்த மனுசி! நீ இருந்திருந்தால் எவ்வளவு சிரித்திருப்பாய். எனக்கு அங்கே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

குறிப்பேட்டைத் திருத்தட்டுமா என்று அன்னா கேட்டாள். உன் பெயரை வெட்ட நான் விடவில்லை. துவக்குக்கே இரண்டு பேருடைய பெயர் இருக்கிறது, மூடிக்கும் இரண்டு இருக்கட்டும் என்றேன். சரி, அகரவரிசையில் உங்கள் பெயர்தான் முன்னால் வரும் என்றாள். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. முன்னுக்கு உன் பெயரைப் போடச் சொன்னேன். நான் விறைத்துப்போய் நிற்க, வாயைத் திறந்தவள் நீதானே.