நாற்பத்து மூன்று துண்டுகளில் முதலாவதை மட்டும் பார்த்தது பற்றி

அனுப்புநர்:
யோகானா ஒகலேபோ,
செயலாளர், மேய்ச்சல் நிலச் சங்கம்,
அமோரூ, தேசோ, உகாண்டா.

பெறுநர்:
மாவட்ட நிலப் பதிவாளர் அவர்கள்.

பொருள்: 612 பேரின் ரேகை கொண்ட ஒரே தாளை முழுதாகத் திறந்து பார்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் நிலவுரிமை விண்ணப்பத்தில் ஒன்பது பேரின் பெருவிரல் ரேகைதான் உள்ளது, ஆகவே வரும் 30ஆம் தேதி மேய்ச்சல் நிலம் உரியவரற்றது என அறிவிக்கப்பட்டு நெல் கம்பெனிக்குப் போகும் என்ற தங்கள் கடிதம் கண்டோம். நாங்கள் 612 பேர். மாடுகள் தனி.

2. எல்லா ரேகையும் ஒரே தாளில் இருக்க வேண்டும் என்பது தங்கள் விதி. ஒட்டி ஒட்டி அத்தாள் ஏழு முழம் ஆயிற்று. ஐந்து மெகாபைட்டுக்கு மேல் ஏற்க முடியாது என்பதும் தங்கள் விதியே. படமெடுத்தால் 214 வந்தது. சுருக்கினால் ரேகையெல்லாம் எறும்பு மொய்த்தது போலாகிறது. இரு விதிகளுக்கும் நடுவே நசுங்கினோம் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

3. என் தங்கை மகள் அசெகென்யே கம்ப்யூட்டர் நிரல் எழுதுபவள். தங்கள் அலுவலகம் நிரலாளர்களுக்குத் திறந்து வைத்துள்ள ஏபிஐ என்னும் கணினி வாசல் வழியே கோப்பைத் துண்டு துண்டாக அனுப்பலாம் என்றாள். சங்கத் தலைவி அஜுலோங்குக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரே ஒண்ணா நின்னு வச்ச கைநாட்டை வெட்டுவியாடி?" என்று எழுந்தே விட்டார். அவளோ, "பானைக் கள்ளை ஒரே மடக்குல குடிக்க முடியுமா பெரியம்மா? குழல் வச்சு உறிஞ்சி உறிஞ்சித்தானே உள்ள போகுது? அங்க போய் ஒண்ணாச் சேர்ந்துக்கும்" என்றாள்.

4. ஐயா, பின்பு நடந்ததை எப்படி எழுதுவேன்! நாற்பத்து மூன்று துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வரிசை தப்பியே போயின. பதினேழாவது நெட்வொர்க் இல்லாமல் பாதியில் அறுந்தது. அதை மட்டும் மறுபடி அனுப்பினாள். எல்லாம் வந்தாயிற்று, சேர்த்துவிடு என்று கடைசியில் ஒரு வரி. தங்கள் கணினி ஒப்புகை எண் தந்தது. நம்பாத எங்களுக்காக அங்கிருந்தே முழுப் படத்தையும் திரும்ப வரவழைத்தாள். ஒரு ரேகை குறையவில்லை. தன் விரலின் அரிவாள் தழும்பைத் திரையில் கண்ட அஜுலோங், விரலை அதன் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். நான் அழுதேன், அதில் வெட்கமில்லை.

5. தங்கள் எழுத்தர் முதல் துண்டை மட்டும் திறந்திருக்கிறார். அதில் தாளின் மேல் விளிம்புதான் தெரியும். இத்துடன் இணைத்துள்ள ஒப்புகை எண்ணைக் கொண்டு, சேர்ந்த கோப்பைத் திறந்தால் மீதி 603 பேரும் வருவார்கள்.

ஆகவே, தாங்களே அத்தாளை அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டுகிறேன். கொஞ்ச நேரம் பிடிக்கும். கடைசியாக இருப்பது, ரேகை வைத்த நாளில், பிறந்து பதினோரு நாளே ஆகியிருந்த ஒரு பெண் குழந்தையின் கால் கட்டைவிரல். கையை அவள் விரிக்கவே இல்லை. இன்னும் பெயர் வைக்கவில்லை. அவளையும் பார்த்த பிறகு, அந்நிலம் யாருடையதும் இல்லை என்று கையெழுத்திடத் தங்களுக்கு மனம் வருமானால் இடுங்கள்.

இடம்: அமோரூ
நாள்: 17.3.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) யோகானா ஒகலேபோ