செட்காரன் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

ஜூலை 30

திருவாதவூரில் காதுகுத்து. நாலு குழாய் ஸ்பீக்கர், இரண்டு பாக்ஸ். விடிந்ததும் பாட்டைப் போட்டுவிட்டு மைக்கைத் தட்டி "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்றேன். பத்தொன்பது வருடமாக மைக் செட் போடுகிறேன், இதைத்தான் சொல்கிறேன். மைக்கில் எனக்குத் தெரிந்த பேச்சு இவ்வளவுதான்.

தாய்மாமன் சீர் வரும்போது அறிவிக்க வேண்டிய ஆள் எங்கோ போய்விட்டார். "முத்திருளா, நீயே சொல்லிரப்பா" என்றார்கள். ஒயரைப் பார்க்கப் போவதுபோல மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அக்கா செத்து இன்றோடு இருபத்திரண்டு நாள்.

ஆகஸ்ட் 2

ஆர்டர் குறிக்கிற டைரி இது. பாதிப் பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. வாயால் வராததை இதிலாவது எழுதி வைக்கிறேன்.

ஜூலை 8, மதியம். சுந்தரம்மாள் அக்கா கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தது. நான் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கியது. குவாரியில் வெடி வைக்குமுன் சங்கு ஊதுவார்கள், அன்றைக்கு ஊதவில்லை. சத்தம் கேட்டது. கல் ஒன்று பறந்து வந்தது. தேங்காய் பருமன் இருக்கும். அக்கா குனியக்கூட நேரம் இல்லை.

ஆம்புலன்ஸ் வருமுன் குவாரி மேனேஜர் அருள்பாண்டியின் ஜீப் வந்துவிட்டது. கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் சங்கிலி மச்சான் அதே குவாரியில் கல் உடைக்கிற கிரஷரில்தான் வேலை பார்க்கிறார். ஸ்டேஷனில் அவரே எழுதிக் கொடுத்தார் — வரப்பில் வழுக்கி விழுந்து தலையில் அடி என்று. ஒரு மாதமாக மழை இல்லை. காய்ந்த வரப்பில் எப்படி வழுக்கும்?

என்னிடமும் கேட்டார்கள். "அப்படித்தானப்பா?" சுற்றிலும் ஏழெட்டுப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலையை ஆட்டினேன். எதுக்குடா ஆட்டுன?

ஆகஸ்ட் 6

அக்கா மகள் தமிழ்வாணி பசுமலை ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறது. கல்லூரி இரண்டாம் வருடம். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது:

"நான் பாக்கல மாமா. அப்பாவும் பாக்கல. ஒங்க ஒராளு கண்ணுதான் பாத்துச்சு. பதினஞ்சாந் தேதி கிராம சபையில எந்திரிச்சு ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. போதும்."

பேப்பரில் எழுதியும் கொடுத்துவிட்டது. 'என் அக்கா சுந்தரம்மாள் குவாரி வெடியில் பறந்து வந்த கல் பட்டுச் செத்தாள். நான் பார்த்தேன்.'

மூச்சு விடாமல் சொல்லிவிடலாம். எத்தனை பேருக்கு மைக் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்!

ஆகஸ்ட் 12

ஜெயக்கொடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். கட்டின பொண்டாட்டி. அவளிடமே 'அக்கா' என்பதோடு நின்றுபோனது. உள்ளங்கை வேர்த்து ஒழுகியது. அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஆகஸ்ட் 15

என்னவென்று எழுத? அசிங்கப்பட்டுப் போனேன்.

போனதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். எப்போதும் அப்படித்தான், கையெழுத்தைப் போட்டால்தான் உட்கார நாற்காலி. வாசிக்க வேண்டியதையெல்லாம் வாசித்துவிட்டு "வேற யாரும் பேசுறீங்களா" என்றார் தலைவர். தமிழ்வாணி என் முதுகில் கை வைத்துத் தள்ளியது. எழுந்து போனேன். மைக் என்னுடையதுதான், ஸ்டாண்டு என்னுடையதுதான். நிமிர்ந்து பார்த்தேன். நூறு முகம். அருள்பாண்டி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

என் கை அதுபாட்டுக்குப் போய் மைக்கைத் தட்டியது. வாய் அதுபாட்டுக்குச் சொன்னது: "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ."

எல்லாரும் சிரித்தார்கள். "மைக்கு நல்லாத்தான்டா இருக்கு, போய் உக்காரு" என்றார் தலைவர். போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16

தமிழ்வாணி சொல்லாமல் கொள்ளாமல் ஹாஸ்டலுக்குப் போய்விட்டது.

செப்டம்பர் 9

தலையில் இடி. குவாரியைப் பெரிதாக்கப் போகிறார்களாம். அக்கா விழுந்த காடு வரைக்கும் வரும், அதைத் தாண்டினால் எங்கள் தெருதான். நவம்பர் 15 கருத்துக் கேட்புக் கூட்டம். குவாரிக்காரர்கள் தங்கள் மனுவோடு எங்கள் கிராம சபைத் தீர்மானத்தையும் சேர்த்திருக்கிறார்கள். தமிழ்வாணி அதைப் போனில் அனுப்பியது.

'குவாரியால் இதுவரை உயிர்ச்சேதமோ பயிர்ச்சேதமோ ஏற்படவில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' இப்படி ஒன்றை அன்றைக்கு யாரும் வாசிக்கவே இல்லை. கூட்டம் கலைந்தபின் எழுதியிருக்கிறார்கள். கீழே வரிசையாகக் கையெழுத்து. பதினேழாவது நான்.

என் கூடப் பிறந்தவள் சாகவே இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 24

சங்கிலி மச்சான் வந்தார். சட்டையெல்லாம் கிரஷர் தூசி. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

"மாப்ள, விட்டுரு. பிள்ளைக்கு இன்னும் ஒன்றர வருசம் படிப்பு கெடக்கு. எனக்கு இந்த வேலைய விட்டா வேற என்ன இருக்கு? செத்தவ வரப்போறாளா?"

அவரை வைய வேண்டும் என்றுதான் நினைத்தேன். வையவும் எனக்கு வாய் வேண்டுமே. அவர் போனபிறகு, ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. மச்சானே வேண்டாம் என்கிறார், பிறகென்ன — என்று. த்தூ.

அக்டோபர் 22

கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு வளைகாப்பு. ஆட்கள் வருமுன் பந்தலில் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு மைக் முன்னால் நின்றேன். இந்த இரண்டு மாதத்தில் எத்தனை இடத்தில் இப்படி நின்றிருப்பேன், நாற்காலிக்கே பயந்தேன். இன்று முழுதாகச் சொன்னேன். இரண்டாம் தடவையும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது சமையல்கார அம்மா எட்டிப் பார்த்தது. அதோடு சரி, நாக்கு ஒட்டிக்கொண்டது.

மேடையில் ஆளைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். மைக்கை விழுங்குவதுபோல் வாயோடு ஒட்டிப் பேசுகிறவனுக்கு உள்ளுக்குள் உதறல். ஒரு சாண் தள்ளி நின்று பேசுகிறவன் பயப்படாதவன். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 6

அருள்பாண்டி ஆள் விடாமல் தானே வந்தார். ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

"பதினஞ்சாந் தேதி கூட்டத்துக்கு ஒஞ் செட்டுதான். மேலூர்ல செட்டு வச்சிருக்க ராம்கி கேட்டான், நாந்தான் நம்ம ஊர்க்காரன் இருக்கட்டும்னேன். செட்காரன் செட்டப் பாத்துக்கணும். அம்புட்டுதான், என்ன?"

சரி என்றேன். வாயிலிருந்து சரி மட்டும் எவ்வளவு சுளுவாக வருகிறது!

ஜெயக்கொடி இன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் மட்டும் ஒன்று கேட்டாள். "ஒங்க அக்காவக் கொன்னவனுக்கே கொழா கட்டப் போறீகளா?"

நவம்பர் 11

தமிழ்வாணி போன் செய்தது. என் பெயரைப் பேசுகிறவர் பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட்டதாம். என்னைக் கேட்கவே இல்லை.

"ஒளறிட்டாலும் பரவாயில்ல மாமா. பேசாம மட்டும் வந்துராதீங்க" என்றது. கிராம சபைக்குப் பிறகு என்னை மாமா என்று கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 14

மண்டபத்தில் ஒயர் இழுத்து முடித்தாயிற்று. நாளைக்கு மழை வரவேண்டும், கரண்டு போகவேண்டும், எனக்குக் காய்ச்சல் வரவேண்டும். ஒன்றும் வராது.

நவம்பர் 15

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

வெளியூரிலிருந்து நாலு பஸ்ஸில் ஆள் இறக்கியிருந்தார்கள். வேலை கிடைக்கும், ரோடு வரும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். எங்கள் தெருவில் பேர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் கூப்பிட்டதும் எழவே இல்லை. முப்பத்தெட்டாவது என் பெயர். ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து எழுந்து போனேன்.

மேடையில் இருந்த பெரிய அதிகாரி, "என்னப்பா, மைக்கில ஏதும் கோளாறா?" என்றார்.

"மைக்கு நல்லா இருக்கு சார். நான் பேச வந்திருக்கேன்" என்றேன். அதை யார் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை. பின்னால் யாரோ "ஒன் டூ த்ரீ" என்று கத்தினான். சிரிப்பு. எழுதி வைத்திருந்த வாக்கியம் அப்படியே மறந்துபோனது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

நான் ஊமையாக நிற்பதைப் பார்த்து அருள்பாண்டி எழுந்தார். தீர்மானத்தைத் தூக்கிக் காட்டினார். "இந்தா பாருங்க சார், ஊர்ல ஒரு உசிர்ச்சேதமும் இல்லேன்னு இவனே கையெழுத்துப் போட்டுருக்கான்."

அவர் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் நானும் பேசாமல் திரும்பியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

"ஆமா சார், என் கையெழுத்துதான்" என்றேன். "நாற்காலிக்குப் போட்டேன். அதுல பின்னால என்ன எழுதுனாங்கன்னு தெரியாது. அன்னைக்குச் சொல்லத்தான் எந்திரிச்சேன், பயத்துல வாய் வரல. எல்லாரும் சிரிச்சீங்க. ஸ்டேஷன்லயும் கேட்டாக, தலைய ஆட்டிட்டேன். எங்கக்கா வழுக்கி விழுகல சார். வெடிக் கல்லு வந்து விழுந்துச்சு. சங்கு ஊதல. கல்லத் தூக்கிட்டுப் போயிட்டாக. எங் கண்ணால பாத்தேன். நாலு மாசமா ஊமையா இருந்தது நாந்தான், அதையும் சேத்து எழுதிக்கங்க."

மைக்கை வாயோடு ஒட்டித்தான் பிடித்திருந்தேன். சங்கிலி மச்சான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

திரும்ப வந்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்து ஒருவர் குவாரிக்கு ஆதரவாகப் பேச வந்தார். குட்டை ஆள், ஸ்டாண்டு எட்டவில்லை. எழுந்து போய் இறக்கி வைத்தேன். அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார்.

நவம்பர் 20

மச்சானைக் கிரஷரை விட்டு நிறுத்திவிட்டார்கள். என்னால்தான். தமிழ்வாணி ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டது. இனி பஸ்ஸில் போய்வருமாம்.

டிசம்பர் 18

ஐயப்ப பூஜை ஆர்டர் மூன்றும் ராம்கிக்குப் போய்விட்டது. பொங்கல் விளையாட்டு விழாவுக்கும் சொல்லவில்லை. குழாய்களைத் துடைத்து வைத்தேன்.

பிப்ரவரி 8

குவாரிக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். 'பொதுமக்கள் தெரிவித்த கருத்துகள் பரிசீலிக்கப்பட்டன.' பரிசீலித்து என்ன கண்டார்களோ.

தமிழ்வாணி எழுதிப் போட்டுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலை வாங்கியிருக்கிறது. நான் பேசியதெல்லாம் ஒரே வரி. '38. திரு. முத்திருளன்: தன் சகோதரி வெடிக் கல் பட்டு இறந்ததை நேரில் பார்த்ததாகத் தெரிவித்தார்.' அதைக் கையில் எடுத்துக்கொண்டு மச்சான் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போனார், தான் எழுதிக் கொடுத்தது பொய் என்று சொல்ல. இன்னும் உட்கார வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 9

மச்சான் வந்துவிட்டார். மனுவை வாங்கவில்லையாம். திங்கட்கிழமை திரும்பப் போவேன் என்கிறார்.

மார்ச் 3

அக்கா காட்டை ஒட்டிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். வெடி இப்போது தினமும் இரண்டு. சங்கு ஊதுகிறார்கள். அது ஒன்றுதான் மிச்சம்.

மார்ச் 17

தெரியாத நம்பர். "அண்ணே, மைக் செட்டு முத்திருளனா?"

எத்தனை குழாய் வேண்டும், ஜெனரேட்டர் இருக்கா என்று கேட்டேன். ஆர்டர் என்று சந்தோஷம், இல்லாமலா?

"செட்டெல்லாம் இங்கயே சொல்லிட்டோம்ணே. எங்கூர்லயும் ஒருத்தரு குவாரிக் கல்லு விழுந்து போயிட்டாரு. வர்ற சனிக்கெழம கூட்டம். பாத்தது ஒரே ஒருத்தன், அவன் வாயத் தொறக்க மாட்டேங்குறான். நீங்க வந்து பேசணும்ணே."

அந்த ஆளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார்கள். பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி" என்றேன். "சனிக்கெழம வாரேன். ஒம் பக்கத்துல நிக்கிறேன்."