பாதிப் பெயர்

ரைட்டரய்யா,

உங்கள் நோட்டைத் திறந்தால் இன்னும் தைல வாசம் அடிக்கிறது. வாதம் வந்து வலது கை விளங்காமல் போன பிறகு, இடது கையால் எழுதிப் பழக என் எழுத்தறிவு வகுப்புக்கு நீங்கள் கொண்டுவந்த நோட்டு. காலையில் உங்கள் சம்சாரம் மஞ்சக்குட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து இதைக் கேட்டார்.

“அவரு எழுதுன பேரையே கல்லறைக் கல்லுல வெட்டலாம்னு பையன் சொல்றான், கண்ணு. பாதிதான் எழுதியிருக்காரு. மிச்சத்த அதே மாதிரி நீ எழுதிக் குடு, சாமி.”

தேடிப் பார்க்கிறேன் என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

முப்பது வருடத்துக்கு முன்னால் இதே வாழவந்தியில் நான் காப்பிப் பழம் பறித்தவள். நீங்கள் தராசுப் பக்கம் நின்று எங்கள் மூட்டைகளின் எடை எழுதிய எஸ்டேட் ரைட்டர். சாயங்காலம் சர்ச் கூடத்தில் ஒரு சிஸ்டர் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அது உங்களுக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க கலெக்டரம்மா, கிளாசுக்குப் போறவங்க மூட்டையெல்லாம் கடைசியா எடை போட்டுக்கலாமுங்க” என்பீர்கள். எடை முடிந்து நாங்கள் ஓடிப் போவதற்குள் கூடம் பூட்டியிருக்கும். ஒவ்வொருத்தியாக வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் சிஸ்டரும் வருவதை நிறுத்திவிட்டார். அதுவரை ‘மரிய’ என்று பாதிப் பெயர் எழுதப் பழகியிருந்தேன். மீதியை எழுத நாற்பத்தைந்து வயதாயிற்று. நடுவில் மகளின் ரேங்க் கார்டில் எல்லாம் என் கைநாட்டுதான். அவள் அதை விரலால் மறைத்துக்கொண்டுதான் டீச்சரிடம் நீட்டுவாளாம்.

பிறகு நானே வகுப்பு எடுக்கத் தொடங்கி, அதில் நீங்கள் வந்து உட்கார்ந்தபோது எனக்குப் பெரிய மனசு என்றார்கள் எல்லோரும். அதெல்லாம் ஒன்றுமில்லை. தினமும் எல்லார் நோட்டையும் திருத்திவிட்டுக் கடைசியாகத்தான் உங்களிடம் வந்தேன்.

“ஜீப்புக்கு நேரமாச்சுங்க, புஷ்பம்” என்பீர்கள், நாக்குக் குழற.

“கொஞ்சம் பொறுங்க ரைட்டருங்க. இவங்கெல்லாம் முடிச்சுக்கட்டும்.”

மஞ்சக்குட்டைக்குப் போகும் கடைசி ஜீப் ஹாரன் அடிக்கும். எழுதியது பாதியில் நிற்க, எழுந்து போவீர்கள். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு ருசியாக இறங்கியது. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது.

நாளைக்கு நோட்டைக் கொடுத்துவிடுவேன். உங்கள் கோணல் எழுத்தை அப்படியே எழுத எனக்கு வரும். இத்தனை நாள் பார்த்திருக்கிறேனே. ஆனால் எழுதித் தர மாட்டேன். பாதிப் பெயரோடு கிடங்கள். நான் இருபது வருடம் அப்படித்தான் கிடந்தேன்.

இப்படிக்கு,
மரியபுஷ்பம்