தர்பாருக்குள் மான்குர்த்

தாராவி, பம்பாய்
12-1-1986

என் பிரியமுள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமியும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். சவூதியில் தம்மாம் பக்கம் குளிர் கடுமை என்று எழுதியிருந்தீர்கள். கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். குடும்ப விசாவுக்குக் கம்பெனி சம்மதித்துவிட்டது என்று படித்ததும் அடுப்படிக்குள் போய் அழுதேன். கல்யாணமாகி ஒரு மாதம்தான் சேர்ந்து இருந்தோம், அப்புறம் மூன்று வருடமாகக் கடிதம்தான். இனி ஒரே வீட்டில் இருக்கப் போகிறோம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிற செம்பூர் லூசியம்மாள் டீச்சருக்குக் கப்பலில் போகிற தம்பி ஒருவர் உண்டு. அவர் ஒரு ஆட்டம் கொண்டுவந்திருக்கிறார். பலகையும் இல்லை, காயும் இல்லை. தேவதைக் கதையில் வருகிற மாதிரி ஒரு ராஜ்யம், ஒரு தர்பார். ஆளுக்கொரு பாத்திரத்தை நாமே உண்டாக்கி, அந்த ஆளாகவே பேச வேண்டும். பெயர், குணம், ஆசை எல்லாம் நம் இஷ்டம். பாத்திரத்துக்கு ஒரு ரகசியமும் வேண்டும். அதை டீச்சர் காதில் மட்டும் சொல்ல வேண்டும்.

நான் பனிமலை ராணி! டீச்சரின் வீட்டுக்காரர் அமிர்தநாதன் சார் மந்திரி. இன்சூரன்ஸ் ஆபீஸ் கணேசபாண்டியன், ஆமையாகச் சபிக்கப்பட்டு மீண்ட இளவரசன். இப்போதும் யாராவது அதட்டினால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

உங்கள் பானு

தம்மாம்
28-1-1986

அன்புள்ள பானுவுக்கு, சலாம்.

கடிதம் கிடைத்தது. நீ ராணி, சரி. ராஜா யார்? எல்லாப் பெயரையும் எழுதிய நீ அதை மட்டும் எழுதவில்லையே. அந்தக் கணேசபாண்டியனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ராணியின் ரகசியம் என்ன? ஊரார் காதில் சொல்லலாம், புருஷனுக்குச் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டமா? செம்பூரிலிருந்து திரும்பும்போது உன்னுடன் யார் வருகிறார்கள்?

நான் கோபமாக எழுதவில்லை. இங்கே அறையில் ஆறு பேர் இருக்கிறோம், ஆறு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறோம். கண்டதையும் நினைக்கத் தோன்றுகிறது.

அப்துல் ரவூப்

தாராவி
12-2-1986

பிரியமுள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நல்ல போலீஸ்காரரைத்தான் எனக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள். ராஜா வேட்டைக்குப் போனவர் திரும்பவில்லை. அவருக்காகத்தான் ராணி சிம்மாசனத்தில் பாதியைக் காலியாக விட்டுவிட்டு ஓரமாக உட்காருகிறாள். கணேசபாண்டியனுக்கு இரண்டு பிள்ளைகள். சம்சாரமும் வந்து அரண்மனைச் சமையற்காரியாக அவரை விரட்டுகிறார். என்னை பஸ் ஏற்றிவிடுவதும் அந்த அம்மாள்தான். ராணியின் ரகசியம் மட்டும் சொல்ல மாட்டேன், சொன்னால் ஆட்டம் கெட்டுப்போகும்.

நீங்களும் சேர்ந்துகொள்ளுங்களேன். ஊரில் இல்லாதவர் ஒரு பாத்திரத்தை எழுதி அனுப்பலாம், அவருக்குப் பதிலாக வேறொருவர் பேசலாம் என்று டீச்சர் சொல்கிறார். கூரையைப் பார்ப்பதற்கு இது மேல் அல்லவா?

உங்கள் பானு

தம்மாம்
27-2-1986

அன்புள்ள பானு,

யோசித்துப் பார்த்தேன், நல்ல விஷயம்தான். என் ஆள் ஒரு பாடகன். கண் தெரியாதவன். தேசம் தேசமாக நடந்து உள்ளங்கால் தேய்ந்தவன். குரலை வைத்தே ஆளின் வயதைச் சொல்லுவான். காலடி ஓசையில் யார் பயந்து நடக்கிறார், யார் திருடிவிட்டு நடக்கிறார் என்று கண்டுபிடிப்பான். குருடன்தானே என்று எல்லோரும் அவன் முன்னால் எதையும் பேசுவார்கள். எந்த அறையிலும் அவனைத் தடுக்க மாட்டார்கள். அவன் ஆசை ஒன்றே ஒன்று, உண்மை தெரிய வேண்டும்.

எனக்குப் பதிலாகச் சாச்சா மகன், என் தம்பி முறை, கரீம் பாட்சா பேசட்டும். அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். உன் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வை.

அப்துல் ரவூப்

தாராவி
24-3-1986

மச்சானுக்கு, சலாம்.

உங்கள் பாடகனை டீச்சர் வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். உங்களுக்குள் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. வழியெல்லாம் அந்தக் கடிதத்தைக் கைப்பைக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் பாடகன் ஒரு நாளும் பாடவில்லை. கரீம் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேள்வியாகக் கேட்டான். ராணி யாரைப் பார்த்துச் சிரித்தாள்? இளவரசன் ராணிக்குத் தண்ணீர் கொடுத்தபோது கை பட்டதா? முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம், இவன் இதையெல்லாம் எங்கிருந்து பிடித்தான் என்று உறுத்தியது. நேற்று தர்பாரின் நடுவில் எழுந்து கேட்டான்: "ராணி வியாழக்கெழம வியாழக்கெழம மான்குர்த்துக்கு எதுக்குப் போறாவ?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பனிமலை ராஜ்யத்தில் மான்குர்த் ஸ்டேஷன் ஏது என்று மந்திரி கேட்டார். நான் சிரிக்கவில்லை. கரீமும் சிரிக்கவில்லை, அவன் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் பிடித்துக் கேட்டேன். "நான் என்ன செய்ய மைனி, அண்ணன்தான் பின்னாலயே போய்ப் பாக்கச் சொன்னாவ. ஸ்டேஷன் கூட்டத்துல ஒங்களத் தவற விட்டுட்டேன்" என்றான்.

கேட்டுக்கொள்ளுங்கள். முலுண்டில் புருஷன் வீட்டில் சுகமாக இருக்கிறாள் என்று நீங்கள் நினைக்கிற உங்கள் தங்கச்சி ராபியா, பொங்கலுக்கு முன்பே அங்கிருந்து வந்துவிட்டாள். அவன் அடித்ததில் கை முறிந்தது. மாமிக்குத் தெரிந்தால் உங்களுக்கு எழுதச் சொல்வார் என்று மான்குர்த்தில் ஒரு சிநேகிதி வீட்டில் இருக்கிறாள். நான் போய்ச் சமைத்து வைத்து, தலை வாரிவிட்டு வருகிறேன். "அண்ணன் கேட்டா வேலையப் போட்டுட்டு ஓடி வந்துருவாவ, சொல்லாதீங்க மைனி" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். நடந்ததைக் கேட்டு இன்று அவளே எழுதச் சொன்னாள்.

எங்கே போகிறாய் என்று ஒரு வரி நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம். எட்டுப் பேர் நடுவில் கேட்க வைத்தீர்கள். எனக்கு அவமானமாக இருக்கிறது, மச்சான்.

பானு

தம்மாம்
8-4-1986

அன்புள்ள பானுவுக்கு,

ராபியா விஷயம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் மாப்பிள்ளையின் ஜமாஅத்துக்கு எழுதிவிட்டேன். நான் செய்தது தப்புதான், மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆசை அதிகம் உள்ளவனுக்குத்தான் பயமும் அதிகம். விசா தயார். கரீமிடம் பாஸ்போர்ட்டைக் கொடு, ஏஜெண்டிடம் சேர்ப்பான். இங்கே வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது, நீ என் கண் முன்னால் இருப்பாய்.

ஒன்றே ஒன்று, சந்தேகத்தில் கேட்கவில்லை. அந்தச் சிநேகிதி வீட்டில் ஆண்கள் யாராவது இருக்கிறார்களா? நீ போகிற நேரத்தில் ராபியா வீட்டில்தான் இருப்பாளா? கரீமை அனுப்பி அவளிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன், தப்பாக நினைக்காதே.

உன் ரவூப்

தாராவி
27-4-1986

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கரீம் மான்குர்த்துக்குப் போனான். ராபியா இன்னும் சரியாக மடக்க முடியாத கையோடு வாசலில் நின்று பதில் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதை அவனே எழுதட்டும்.

நான் கோபத்தில் எழுதவில்லை. உங்கள் கடிதம் வந்தும் சில நாள் ஆறப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. நான் தம்மாமுக்கு வரவில்லை.

இங்கே என்னை ஒரு கேள்வி கேட்க உங்களுக்கு ஒரு கடிதம் வேண்டும், அது வந்து சேர இரண்டு வாரம் வேண்டும். அந்த இரண்டு வாரமும் நான் நிம்மதியாகச் சமைக்கிறேன், தைக்கிறேன், தூங்குகிறேன். அங்கே வந்தால் நீங்கள் வேலை விட்டு வந்து கதவைத் தட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். உங்களுக்காக ஏங்கினேன், இப்போதும் ஏங்குகிறேன். ஆனால் பயந்துகொண்டு ஒரு வீட்டில் இருக்க என்னால் முடியாது.

ராபியாவை அடுத்த வாரம் இங்கே கூட்டிவருகிறேன். மாமியையும் அவளையும் நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் உங்களுக்குக் கவலை வேண்டாம்.

விசா வந்தும் ஏன் போகவில்லை என்று மாமி கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் வாய் திறக்கவில்லை. காரணத்தை நீங்களே உங்கள் கையால் மாமிக்கு எழுதுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

அக்தர் பானு