முந்திப் போய்த் தோற்ற மூன்றாம் சுற்று

இன்று காலை கடை திறக்கப் போனால் ஷட்டரில் ஒரு போஸ்டர். மைதாப் பசை காயவில்லை. புளித்த வாசம் மூக்கில் ஏறியது. என்னைக் கேட்காமல் எவன் ஒட்டினான் என்று திட்டிக்கொண்டே கிழிக்கப் போனவன், 'இளையோர் கார் ராலி' என்ற எழுத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நம் இருவருக்கும் இருபது வயது. வெளியூர் மோட்டார் கிளப் ஒன்று இளையோருக்கென்று நம் பக்கத்தில் மூன்று சுற்று ராலி நடத்தியது. நான் அப்போது டயர் கடையில் வேலை பார்த்தேன். முதலாளியின் பழைய காரை இரவல் வாங்கினேன். ஓட்டுவது நான். பக்கத்தில் உட்கார்ந்து வழித்தாளையும் தூரம் காட்டும் மீட்டரையும் கடிகாரத்தையும் பார்த்து வேகம் சொல்வது நீ. சும்மா பறக்கிற பந்தயமில்லை அது. கொடுத்த வேகத்தில், சொன்ன நிமிஷத்துக்குப் போக வேண்டும். எங்கேயாவது புளியமரத்து மறைவில் கிளப் ஆள் கடிகாரத்தோடு நிற்பான். பிந்தினால் ஒரு புள்ளி போகும், முந்தினால் இரண்டு.

முதல் இரண்டு சுற்றிலும் நாம்தான் முதல். "நீ ரோட்டப் பாரு, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்பாய். மிச்சத்தை அடுத்தவன் கையில் விடுவது எனக்கு அந்த வயதிலேயே ஆகாது. உன்னிடம் மட்டும் விட்டேன்.

மூன்றையும் சேர்த்து ஜெயிக்கிற வண்டி கோயம்புத்தூர் போகும். உனக்கு அந்த நினைப்பில் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் சுற்றுக்கு முதல் நாள் காலை, வழக்கம்போல கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் ஓட்டச் சொல்லி, நம் மீட்டர் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று குறித்துக்கொண்டாய். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். நம்மை முந்தக்கூடியவன் கடையநல்லூர்க்காரன் ஒருத்தன்தான். அவனோடு நின்று சர்பத் குடித்துக்கொண்டிருந்தாய். சிரிப்பு வேறு.

"அவங்கூட என்னவே பேச்சு?"

"சும்மா, ஊர்க்கதைதான்."

சும்மா என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. நான் இல்லாத நேரத்தில் எவனாவது டயரில் கை வைத்திருப்பான் என்று தோன்றியது. பின்டயர் இரண்டையும் கழற்றிவிட்டு, கடையில் கிடந்த வேறு இரண்டைப் போட்டேன். கொஞ்சம் உயரம் கூடுதல். இருந்தாலென்ன, புதுசு. உன்னிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவன் காதுக்குப் போய்விடும் என்று பயம்.

மறுநாள் வாசுதேவநல்லூர் போகிற வழியெல்லாம் "மிதி வே, பிந்துதோம், மிதி" என்றாய். மிதித்தேன். மறைவில் நின்ற ஒவ்வொருத்தனிடமும் முந்திப் போய் நின்றோம். முடிவு வாசித்தபோது நாலாம் இடம்.

அத்தனை பேர் முன்னால் உன் சட்டையைப் பிடித்தேன். "ஏலே, ஒரு கிளாஸ் சர்பத்துக்கா என்னிய வித்த?"

நீ வழித்தாளை நீட்டினாய். "கணக்கு சரியாத்தான்வே இருக்கு. எங்கன பெசகுச்சுன்னு தெரியல."

கடையநல்லூர்க்காரனே வந்து விலக்கினான். "விடும்வே. கோயம்புத்தூர்ல எங்க மச்சான் வீடு இருக்கு. ஜெயிச்சா நீங்க ரெண்டு பேரும் தங்கிக்கிடலாமான்னுதான் நேத்து கேட்டாரு."

அதுவும் இரண்டு பேரும் பேசிவைத்த பொய் என்றுதான் எனக்குப் பட்டது.

சொந்தக் கடை போட்ட பிறகு ஒரு டாக்சிக்காரர் சண்டைக்கு வந்தார். "அண்ணாச்சி, நீங்க பெரிய டயர் மாட்டுனதுலேருந்து மீட்டர் கொறச்சுக் காட்டுது. தென்காசி போய்ட்டு வந்தா ரெண்டு கிலோமீட்டரக் காணோம்."

அப்போதுதான் உறைத்தது: பெரிய டயர் சுற்றுவது குறைவு, நீ குறித்துவைத்த கணக்கோ பழைய டயருக்கு. அன்று நம் மீட்டரும் குறைத்துத்தான் காட்டியிருக்கிறது. தூரம் போதவில்லை என்று நம்பி நீ மிதிக்கச் சொல்லியிருக்கிறாய்.

வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் டயரின் அளவு தெரியாமல் தோற்றவன் கடையில் எவன் டயர் வாங்குவான் என்று யோசித்தேன். யோசித்தபடியே வருஷங்கள் போயின.

பிறகு நீ ஸ்கூட்டருக்கு டயர் வாங்க என்னிடமே வந்தாய். குனிந்து, டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணை விரலால் தடவிப் படித்தாய். "அளவு சரிதானவே?" என்றாய். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் எத்தனை தடவை வந்தாயோ, அத்தனை தடவையும் அதே கேள்வி.

தெரிந்துதான் கேட்டாயா? அப்படியென்றால் நான் வாய் திறக்க ஒவ்வொரு தடவையும் வழி விட்டிருக்கிறாய். தெரியாமல் கேட்டாயென்றால் இன்னும் மோசம். உன் கணக்குதான் பிசகியது என்று நம்பியே போயிருக்கிறாய். இந்த இரண்டில் எது என்று தெரியாமல்தான் தினமும் கடையில் உட்காருகிறேன்.

துஷ்டிக்கு வந்து உன் தலைமாட்டில் நின்றபோது உதடுவரை வந்தது. யார் காதிலாவது விழுமோ என்று சுற்றிலும் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தபோதே உன்னைத் தூக்கிவிட்டார்கள்.